பழைய மர வீட்டை அருங்காட்சியகமாகப் பேணும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில், தேக்கும் அயனியும் பலாவும் கொண்டு மர முளைகளால் பூட்டப்பட்ட ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் பங்கு பிரிக்கும் பேச்சு எழுந்ததும், தூண் ஒருவருக்கும் நிலை இன்னொருவருக்கும் கதவு மூன்றாமவருக்குமாக விலை பேசப்பட்டு, சில நாள்களுக்குள் வீடு மண்தளமாகிவிடுகிறது. ஆணியில்லாமல் பூட்டிய வீட்டைப் பிரிப்பது எளிது என்பதே அதன் எதிரியாகியிருக்கிறது. அத்தகைய வீட்டை இடிக்காமல், பிறர் வந்து பார்க்கும் சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்க விரும்பும் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பழைய பாத்திரங்களையும் விளக்குகளையும் அடுக்கிவைக்க ஒரு கூடம் வேண்டும் என்பதற்காக நாம் வீட்டைக் காப்பாற்றவில்லை. வீடே முதல் காட்சிப்பொருள். உத்திரத்தில் தெரியும் உளித்தடமும் கதவின் பித்தளைக் குமிழும் மச்சு எனப்படும் மர மேல்தளத்துப் பலகையின் தாமரையும்தான் பார்க்க வேண்டியவை. இதை ஏற்றுக்கொண்டால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற கேள்விகளில் பாதிக்குத் தாமாகவே விடை கிடைத்துவிடும்.

இந்தக் கண்ணோட்டத்தைத் தெளிவாக வகுத்துச் சொன்னவர்கள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றிய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் எனப்படும் கலை, கைவினை இயக்கத்தார். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸுக்காக அவருடைய நண்பரான கட்டடக்கலைஞர் பிலிப் வெப் 1859இல் வடிவமைத்த செங்கல் வீடான ரெட் ஹவுஸ், அவ்வியக்கத்தின் முன்னோடி வீடாகக் கருதப்படுகிறது. இயந்திரம் அச்சடித்துத் தள்ளும் அலங்காரத்தை விலக்கி, கட்டியவனின் கை தெரியும்படி மரத்தையும் செங்கல்லையும் இரும்பையும் அவற்றின் இயல்பிலேயே விட்டுவைத்த வீடு அது. இதே மோரிஸும் வெப்பும் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, பழைய கட்டடத்தைப் புதிதுபோல் ஆக்குவது அழிவே என்றும், ஒழுகும் இடத்தை அன்றன்றே அடைத்துப் பேணுவதே காப்பு என்றும் வாதிட்டனர். நம் ஊர்ப் பெரியவர்கள் ஆண்டுதோறும் ஓடு மாற்றி வீட்டைக் காத்ததும் இதே முறைதான். அவ்வியக்கத்தில் தமிழருக்கும் பங்கு உண்டு: 1877இல் கொழும்பில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இங்கிலாந்தின் பிராட் கேம்டன் என்னும் சிற்றூரில், கைவினைஞர் குழு ஒன்றை நடத்திவந்த ஆஷ்பி என்பவர் பழுதுபார்த்துக் கொடுத்த பழைய கட்டடம் ஒன்றில் வாழ்ந்தார், இலங்கையின் கைவினைகளைப் பற்றிய தம் பெருநூலை 1908இல் மோரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார்.

இங்கிலாந்துக்குப் போய்ப் பார்க்க நம்மால் இயலாமல் இருக்கலாம். அதற்குத் தேவையும் இல்லை, ஏனெனில் நமக்கான பள்ளிக்கூடம் தக்கலையிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

பத்மநாபபுரத்தில் பார்க்க வேண்டியவை

வேலை தொடங்கும் முன் உங்கள் ஆசாரியையும் கொத்தனாரையும் அழைத்துக்கொண்டு பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு முறை போய்வாருங்கள்; திங்கட்கிழமை விடுமுறை. 1601 வாக்கில் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் காலத்தில் விரிந்த இந்த மர அரண்மனை, 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே இருந்துவருகிறது. சுற்றுலாப் பயணியைப் போல அறை அறையாக நடந்து வெளியேறாமல், பழுதுபார்ப்பவனின் கண்ணோடு பாருங்கள். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மேற்கூரையில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத 90 மலர்கள் செதுக்கப்பட்டுள்ளன. அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் பலாமரத் தூண் ஒன்று அடிமுதல் முடிவரை நுண்ணிய வேலைப்பாட்டோடு நிற்கிறது. மன்னர் அமைச்சர்களோடு கூடிப் பேசிய மந்திரசாலையில் மரச் சட்டங்களினூடாக வெளிச்சம் எப்படி வடிகட்டப்பட்டு இறங்குகிறது, நண்பகலிலும் அந்த அறை எப்படிக் குளிர்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு ஆகியவற்றைச் சேர்த்து மெருகிட்டதாகச் சொல்லப்படும் கறுப்புத் தரை, வருகையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதால் இன்றும் மின்னுகிறது. உங்கள் வீட்டிலும் இந்த ஒரு விதியை முதல் நாளிலிருந்தே வைத்துவிடுங்கள். செருப்பில் ஒட்டிவரும் மணலைப்போல் பழைய தரையைத் தேய்ப்பது வேறொன்றும் இல்லை.

அரண்மனை வளாகத்தின் தெற்குக் கொட்டாரத்தில் பழைய வீட்டுச் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எளிய புழங்கு பொருள்கள் ஒரு மர வீட்டுக்குள் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகின்றன என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம். சிறு வீட்டுக்காரர்களுக்கு அரண்மனையின் மற்றப் பகுதிகளைவிட இதுவே நெருக்கமான முன்மாதிரி என்பது என் கருத்து.

கைவைக்கும் முன் பதிவு

எந்தப் பலகையையும் அசைப்பதற்கு முன் வீட்டை முழுமையாகப் பதிவுசெய்ய வேண்டும். தரைப்படம், குறுக்குவெட்டுப் படம் ஆகியவற்றை 1:50 அளவிலும், பொருத்துகளையும் செதுக்கு வேலைகளையும் 1:5 அளவிலும் வரையச் சொல்லுங்கள்; அருகிலுள்ள கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்கள் இதைப் பயிற்சியாகவே செய்துதர முன்வருவதுண்டு. ஒவ்வொரு அறையின் நான்கு சுவர்களையும் மேற்கூரையையும், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படமெடுங்கள். கழுக்கோல் (கூரையின் சாய்வுச் சட்டம்), உத்திரம், தூண், நிலை ஆகியவற்றுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணைப் படத்தில் குறியுங்கள், மரத்தில் குறிக்காதீர்கள். பொருத்துகளின் உட்புறத்தில் பழைய ஆசாரி கீறிய அடையாளங்கள் இருந்தால் அவற்றையும் எழுதிவையுங்கள், ஏனெனில் வீட்டைப் பூட்டிய வரிசையை அவை காட்டும்.

இதைவிட அவசரமானது வாய்மொழிப் பதிவு. எந்த அறையில் நெல் கொட்டினார்கள், நெற்பெட்டியான பத்தாயத்தின் தாக்கோல் (சாவி) யார் இடுப்பில் இருந்தது, பிரசவம் எங்கே நடந்தது, மழைக்காலத்தில் கருப்புக்கட்டி எந்த மூலையில் தொங்கியது என்பனவற்றை வரைபடம் சொல்லாது. வீட்டில் வாழ்ந்த மூத்த பெண்களை அந்தந்த அறையிலேயே உட்காரவைத்து, அவர்கள் பேச்சை அப்படியே ஒலிப்பதிவு செய்யுங்கள். மரத்தைப் பழுதுபார்க்க அடுத்த ஆண்டும் முடியும். இந்தப் பேச்சுக்கு அந்த உறுதி கிடையாது.

சுவரில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் வெள்ளையைச் சுரண்டி எடுக்க எவரையும் விடாதீர்கள். மோரிஸ் ஐந்தே ஆண்டுகள் வாழ்ந்த ரெட் ஹவுஸில், அவருடைய படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் மறைந்திருந்த சுவரோவியம் 2013இல்தான் முழுமையாக வெளிவந்தது. மோரிஸும் அவருடைய ஓவிய நண்பர்களும் சேர்ந்து தீட்டிய படம் அது. இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் யாரேனும் அந்தச் சுவரைச் சுத்தமாகச் சுரண்டியிருந்தால் அது நமக்குக் கிடைத்திருக்காது. உங்கள் வீட்டிலும் பழைய காவிக்கோலமோ பூவேலையோ சுண்ணாம்புக்கு அடியில் இருக்கக்கூடும். ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்கு மட்டும், பயிற்சி பெற்றவரைக் கொண்டு அடுக்கு அடுக்காகத் திறந்து பார்த்தாலே போதும்.

கூரையும் இரண்டு மழையும்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கிடைப்பதால், மர வீடு ஆண்டில் இரண்டு முறை நனைகிறது. காய்வதற்குக் கிடைக்கும் நாள்கள் குறைவு. ஆகவே ஓடு பார்க்கும் வேலையை ஆண்டுக்கு ஒருமுறை என்று வைத்தால் போதாது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் சித்திரையில் ஒரு முறையும், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் ஒரு முறையும் ஏறிப் பார்க்க வேண்டும். உடைந்த ஓடு, நகர்ந்த ஓடு, முகட்டு ஓட்டின் பூச்சு, இரண்டு கூரைகள் சேரும் பள்ளம் ஆகியவற்றையும், தாழ்வாரத்து மழைத்தண்ணீர் சுவரடியில் தேங்காமல் ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூரைமேல் சாய்ந்திருக்கும் மாங்கொம்பையும் தென்னையோலையையும் அப்போதே வெட்டிவிடுங்கள்.

மேற்கத்திய பாணி ஓட்டுத் தொழிற்சாலை மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் என்னும் சுவிட்சர்லாந்துக் கிறித்தவ அமைப்பால் தொடங்கப்பட்டது. ஓட்டின் அடிப்புறத்தில் தொழிற்சாலை முத்திரை இருந்தால் அதைப் பதிவுசெய்து, உடையாத ஓடுகளை அதே சரிவில் மீண்டும் இடுங்கள். மாற்று ஓடுகளைப் பின்பக்கச் சரிவில் பயன்படுத்துங்கள். ஒழுகலுக்குப் பயந்து தகர ஷீட்டை ஓட்டின் மேலோ கீழோ அடிப்பவர்கள் உண்டு. ஓட்டின் இடுக்கு வழியே வெளியேற வேண்டிய ஈரக்காற்று ஷீட்டில் பட்டு நீர்த்துளியாகி, கழுக்கோலை மேலிருந்து அழுகச் செய்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கழுக்கோலின் வெளிமுனைகளே முதலில் கெடும். கலிபோர்னியாவின் பாசடீனாவில் கட்டடக்கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1908இல் கட்டிய கேம்பிள் வீட்டிலும், கூரைக்கு வெளியே நீண்டு வெயிலும் மழையும் வாங்கிய மர முனைகளே பின்னாளில் பெரும் பழுதுபார்ப்பைக் கேட்டன. முனை மட்டும் அழுகியிருந்தால் முழுக் கழுக்கோலையும் மாற்றாதீர்கள். அழுகிய அளவை வெட்டி நீக்கி, அதே இன மரத்தில், அதே நார் ஓட்டத்தில், சாய்வெட்டுப் பொருத்தாகப் புதுத்துண்டை இணைக்கச் சொல்லுங்கள். புதுத்துண்டைப் பழையது போலச் சாயம் பூசி ஏமாற்ற வேண்டியதில்லை. அதன் மறைவான பக்கத்தில் ஆண்டைச் செதுக்கிவைத்தால், பின்னால் வருபவருக்கு எது பழையது, எது நாம் சேர்த்தது என்பது விளங்கும்.

மழைக்காலத்தில் ஊறி இறுகிய கதவை இழைப்புளியால் சீவிவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மாசி, பங்குனியில் மரம் சுருங்கியதும் அதே கதவில் விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிடும். பொறுத்திருந்து, கீலையும் நிலையின் சாய்வையும் முதலில் சரிபார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் வறண்ட காற்று வீசும் தோவாளைப் பக்கத்தில் மரம் வெடிப்பதும், மேற்கே விளவங்கோட்டில் பூஞ்சை பிடிப்பதும் முதன்மைச் சிக்கல்கள் என்பதால், ஓரிடத்துக் கைப்பக்குவத்தை மறு இடத்தில் அப்படியே பின்பற்றவும் கூடாது.

சிதலும் மரத்துக்கான பூச்சும்

சிதல், அதாவது கரையான், மண்ணிலிருந்து சுவர் வழியே குழாய்போல் மண்பாதை கட்டிக்கொண்டு மரத்தை அடைகிறது. கருங்கல் அடித்தளத்தைச் சுற்றி மண்ணையோ சருகையோ விறகையோ குவிக்காமல், கல்வரிசை எப்போதும் கண்ணில் படும்படி வைத்திருந்தால், அந்தப் பாதையை வாரம் ஒருமுறை நடந்தே கண்டுபிடித்துவிடலாம். பாதையைக் கண்டதும் துடைத்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, கட்டி முடிந்த கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் 6313இன் மூன்றாம் பகுதி சொல்லும் முறைப்படி, உரிமம் பெற்றவரைக் கொண்டு மண்ணுக்கு மருந்திடச் செய்யுங்கள். மரத்தில் குண்டூசித் துளைகளும் கீழே மாவுபோன்ற பொடியும் இருந்தால் அது வண்டின் வேலை. வண்டு பெரும்பாலும் வயிரம் பாயாத வெள்ளைப் பகுதியையே தின்னும். அங்கே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தூரிகையால் பலமுறை ஊறவிடுவது பலன் தரும்.

நம் பக்கத்தில் அண்டி எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய், பழங்காலம் தொட்டே மரக்காப்பாகப் பயன்பட்டுவருகிறது. கண்ணுக்குத் தெரியாத கழுக்கோல், உத்திர அடி, ஓடு தாங்கும் பட்டியல் சட்டம் ஆகியவற்றுக்கு அது நல்லது. தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கையுறை வேண்டும். மரத்தைக் கறுக்கச் செய்யும் என்பதால் செதுக்கு வேலையிலும் மச்சுப் பலகையிலும் அதைத் தடவக் கூடாது. அவற்றுக்கு மென்துணியால் தூசி துடைத்து, தேன்மெழுகு கலந்த மெருகை மெல்லிசாகத் தேய்ப்பது போதுமானது. ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால், எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அத்துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது; தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். பளபளக்கும் செயற்கை வார்னிஷும் எனாமல் பெயின்டும் பழைய மரத்துக்குத் தேவையில்லை. அவை உரியத் தொடங்கினால், சுரண்டும்போது செதுக்கலின் கூர்மையும் சேர்ந்து போய்விடும்.

சுவர்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சுண்ணாம்பால் கட்டிய சுவரைச் சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து, உப்பாகப் பூக்கவைத்து, கடைசியில் சுவரோடு பொருந்திய மரநிலையை அழுகவைக்கும். நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் 3 பங்கு என்பது பொதுவான அளவு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் கொத்தனார்களின் வழக்கம். பூசிய பின் ஈரச்சாக்கு போர்த்தி மெதுவாக உலரவிடும் பொறுமை உள்ளவரையே வேலைக்கு அமர்த்துங்கள்.

பொருள்களும் வெளிச்சமும்

பொருள்களை வைக்கும்போது, கண்ணாடிப் பெட்டியை விட அவற்றின் சொந்த இடத்தையே முதலில் தேட வேண்டும். பத்தாயம் நெல் வைக்கும் அறப்புரையிலும், உரலும் உலக்கையும் ஓலைப்பெட்டியான கடவமும் பின்கட்டிலும், ஊஞ்சலான ஆட்டுக்கட்டில் கூடத்திலும் இருந்தால் விளக்கப்பலகை பாதிக்குமேல் தேவைப்படாது. கிரீன் சகோதரர்கள் கேம்பிள் வீட்டுக்கு மேசை, நாற்காலி, விளக்கு, கண்ணாடி வரை சேர்த்தே வடிவமைத்தார்கள். அவை பிரியாமல் அங்கேயே இருப்பதால்தான் அந்த வீடு முழுமையாகப் பேசுகிறது. ஆகவே கடையில் வாங்கிய பழம்பொருளால் அறையை நிரப்பாதீர்கள். வெற்றிடம் இருந்தால் அது வெற்றிடமாகவே இருக்கட்டும்.

துணி, தாள், ஓலை ஆகியவற்றை வெளிச்சம் மெல்ல மெல்லத் தின்னும். அவற்றுக்கு 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேற்பட்ட ஒளி கூடாது என்பதே அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரியான மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தொடங்கிவைத்த லேஸ் பின்னலில் ஒரு துண்டு உங்கள் குடும்பத்தில் இருந்தால், அதை மடிக்காமல், அமிலமற்ற தாளோடு உருளையில் சுற்றி இருட்டில் வைத்து, ஆண்டில் சில வாரங்கள் மட்டும் காட்டுங்கள். ஓலைச்சுவடியை எண்ணெய் தடவிப் பேணுவதற்குச் சுவடி நூலகத்தாரிடம் பயிற்சி பெற்ற பிறகே கையில் எடுங்கள். இவற்றோடு சட்டக் கடமையும் உண்டு: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத சிலை, ஓவியம் முதலியனவும், உரிய மதிப்புடைய 75 ஆண்டுக்குக் குறையாத கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருள்களே. அவற்றுள் அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிவுசெய்ய வேண்டும்.

மின்கம்பிகளை மரத்தின்மேல் நேரடியாக ஆணியடித்து ஓட்டியிருந்தால் முதல் செலவு அதற்கே ஆக வேண்டும். உலோகக் குழாய்க்குள் புதுக் கம்பி, கசிவுமின் துண்டிப்பான், வாசலிலும் அடுக்களையிலும் தீயணைப்பான் ஆகியவை அமைந்த பின்பே பொதுமக்களை உள்ளே விடுங்கள். நிலவிளக்கை ஏற்ற விரும்பினால் நடுமுற்றமான அங்கணத்தில், ஒருவர் அருகிலிருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள்.

வருகையாளரும் வாரிசுகளும்

மச்சுக்கு மேலே எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்பதைக் கட்டடப் பொறியாளர் கணக்கிட்டுத் தர வேண்டும். அந்த எண்ணை ஏணிப்படியடியில் எழுதிவைத்து, திருவிழா நாளிலும் தளர்த்தாதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் கயிறு கட்டித் தடுப்பதும் தவறு. கட்டடக்கலைஞர் பெய்லி ஸ்காட் வடிவமைத்து 1900இல் முடிந்த, இங்கிலாந்தின் பிளாக்வெல் வீட்டில், சன்னலோர இருக்கைகளில் அமர்ந்து வெளியே ஏரியைப் பார்க்க வருகையாளருக்கு அனுமதி உண்டு. நம் வீட்டுத் திண்ணையும் படிப்புரையும் உட்காருவதற்காகவே கட்டப்பட்டவை, அங்கே உட்காரவையுங்கள். விளக்கப்பலகைகளில் மன்னர் கதைகளைவிட, இன்ன மரம், இன்ன பொருத்து, இதைச் செய்ய இன்ன கருவி என்ற செய்திகளே முதலில் வரட்டும். பள்ளிப் பிள்ளைகள் வரும் நாள்களில் உள்ளூர் ஆசாரி ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்தி, ஒரு பொருத்தை அவர்கள் கண்முன் வெட்டிப் பூட்டச் சொன்னால் எந்தப் பலகையும் அதற்கு ஈடாகாது.

குடும்பத்தால் அந்த இடத்தில் வீட்டைக் காக்கவே இயலாது என்ற நிலை வந்தால், பிரித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் பூட்டும் வழி ஒன்று உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ராவில் கேரள வீடுகள் அவ்வாறு மீண்டும் எழுந்திருக்கின்றன. மண்ணையும் கிணற்றையும் அயலாரையும் இழந்த வீடு அது என்பதால், இதைக் கடைசி வழியாகவே கருத வேண்டும்.

கேம்பிள் குடும்பத்தார் தங்கள் வீட்டை விற்க எண்ணியிருந்தபோது, வாங்க வந்தவர்கள் உள்ளே இருக்கும் மரவேலை முழுவதையும் வெள்ளையடிக்கலாம் என்று பேசிக்கொண்டதைக் கேட்டு விற்பனையைக் கைவிட்டதாகவும், பின்னர் 1966இல் பாசடீனா நகரத்துக்கும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குமான ஏற்பாட்டின் கீழ் வீட்டை ஒப்படைத்ததாகவும் வரலாறு. வாய்ச்சொல்லாக இருந்த அக்கறையை ஆவணமாக்கியதே அவர்கள் செய்த பெரிய செயல். நீங்களும் பங்காளிகள் அனைவரும் உயிரோடும் ஒற்றுமையோடும் இருக்கும்போதே ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்யுங்கள். வீட்டின் எந்த மரப்பகுதியையும் கழற்றி விற்கக் கூடாது, எனாமல் அடிக்கக் கூடாது, கூரை வடிவை மாற்றக் கூடாது என்பன அதில் தனித்தனி நிபந்தனைகளாக இருக்கட்டும். வீட்டின் வரைபடங்கள், எண்ணிட்ட மரப்பட்டியல், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றின் ஒரு படி பத்திரத்தோடு இணைக்கப்பட வேண்டும்; சித்திரையிலும் புரட்டாசியிலும் கூரை பார்த்ததற்கான குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு யாருக்கு, அவருக்குப் பின் யாருக்கு என்பதையும் அப்பத்திரத்திலேயே குறிப்பிடுங்கள்.